உயர்வை எழுதிவைக்கும் கடமை

கெடா மாநிலத்துக் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் ஆலைகளில் ஆபரேட்டராகச் சேர்ந்து, பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து, மிஞ்சிய நேரத்தில் டிப்ளோமா படித்து, டெக்னீஷியனாகவும் சூப்பர்வைசராகவும் உயர்ந்திருக்கும் நம் இளைஞர்களிலும் யுவதிகளிலும் பலர், தாங்கள் அடைந்த ஸ்தானத்தை லிங்க்ட்இன் போன்ற தளங்களில் தங்கள் பெயருக்குரிய பக்கத்தில் எழுதாமலேயே விட்டுவிடுவதைக் கண்டு எனக்கு உண்டான வருத்தமே இக்கட்டுரைக்குக் காரணம். கம்பெனிக் கடிதம் கைக்கு வந்து மாதங்கள் கழிந்திருக்கும். சம்பளச் சீட்டிலும் கழுத்தில் தொங்கும் அட்டையிலும் புதிய பதவி ஏறியிருக்கும். வெளியார் பார்க்கும் பக்கத்தில் மாத்திரம் பழைய உத்தியோகமே நின்றுகொண்டிருக்கும். கேட்டால், "நம்மைப் பற்றி நாமே சொல்லிக்கொள்வதா?" என்கிறார்கள். வீட்டுப் பெரியவர்களோ, "நாலு பேர் கண் படும், பேசாமல் இரு" என்கிறார்கள்.

இந்தக் கூச்சத்தை நான் இகழவில்லை. அது வந்த வழியை அறிந்தவர் எவரும் இகழ மாட்டார். 1909ஆம் ஆண்டில் கெடா சயாமின் மேலுரிமையிலிருந்து ஆங்கிலேயர் ஆதிக்கத்துக்குக் கைமாறியதை ஒட்டிய காலத்தில், பீடோங், சுங்கை பட்டாணி, பாடாங் செராய் வட்டாரங்களில் ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிமார் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆள் சேர்த்து அழைத்துவந்ததும், 1938இல் இந்திய அரசாங்கம் அவ்விதம் ஆள் அனுப்புவதைத் தடுத்ததும் யாவரும் அறிந்த சரித்திரம். அம்மக்களைப் பற்றிய எழுத்து யார் கையில் இருந்தது என்பதை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கு வரிசையில் நின்றவருடைய பெயரைத் தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோல் என்னும் பதிவேட்டில் பதிந்தார். அத்தொழிலாளி வேலைக்கு வந்தாரா, எவ்வளவு பால் கொண்டுவந்தார், எவ்வளவு கூலி பெறுவார் என்பதெல்லாம் அவரால் வாசிக்க இயலாத ஆங்கிலத்தில், அவர் கைக்கு எட்டாத புத்தகத்தில் ஏறின. பால் மரம் வெட்டுபவர் தண்டல் என்னும் மேற்பார்வையாளராக உயர்வது தோட்டத் துரையின் பிரியத்தைப் பொறுத்தது. கிராணி உத்தியோகமோ பெரும்பாலும் ஆங்கிலம் கற்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மலையாள நாட்டிலிருந்தும் வந்தவர்களுக்கே வாய்த்தது. பட்டையில் கத்தி எவ்வளவு ஆழம் இறங்கினால் மரம் பிழைக்கும் என்பதைக் கைப்பழக்கத்தாலேயே அறிந்தவரும், ஒட்டுக் கட்டுவதில் தேர்ந்தவரும், நோய் கண்ட மரத்தைத் தூரத்திலிருந்தே இனங்கண்டவரும் அந்தப் புத்தகத்தில் ஒரே வகைத் தொழிலாளிகள்தாம். தோட்டங்கள் விற்கப்பட்டும் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் போன பிற்பாடு, தம் பாட்டனார் எந்த வேலையில் வல்லவராயிருந்தார் என்று காட்ட ஒரு காகிதமும் இல்லாத குடும்பங்கள் இங்கே அநேகம். சீ. முத்துசாமியைப் போன்ற கெடா எழுத்தாளர்களின் கதைகளிலும் ‘மண்புழுக்கள்’ போன்ற நாவல்களிலும்தான் அத்தகைய மனிதர்கள் நமக்கு மீதமாயிருக்கிறார்கள்.

தம்மைப் பற்றிப் பிறர் எழுதிய புத்தகத்தைப் பார்க்கவும் உரிமையற்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைக்கு, தன் உத்தியோக விருத்தாந்தத்தைத் தன் கையாலேயே எழுதித் திருத்தி உலகத்தின் முன் வைக்கும் வசதி கிடைத்திருக்கையில், அதை அடக்கத்தின் பேரால் ஒதுக்கிவைப்பது எனக்கு உடன்பாடன்று.

நாம் வாழும் இந்தக் கெடா மண்ணின் பழம்பெயரான கடாரம், ஒருவர் தம் உயர்வை எழுதிவைத்த கல்லிலும் ஏறியிருக்கிறது. 1025ஆம் ஆண்டளவில் முதலாம் இராஜேந்திர சோழனின் கடற்படை கடாரத்தை வென்றதைத் தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள அவனுடைய மெய்க்கீர்த்தி தெரிவிக்கிறது. கடாரங்கொண்டான் என்ற விருதும் அவன் பெயரோடு சேர்ந்தது. படையெடுப்பைப் போற்றுவது என் நோக்கமன்று. ஜெராய் மலை அடிவாரத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில் அன்று வாழ்ந்தவர்கள் அதே நிகழ்ச்சியை வேறு விதமாகவே நினைத்திருப்பார்கள். மெய்க்கீர்த்தி எழுதப்பட்ட முறை ஒன்றையே நான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். அரசன் புதிய வெற்றி ஒன்றைப் பெற்றால், பழையன அழிக்கப்படுவதில்லை. முன்பு பெற்ற வெற்றிகள் வந்த வரிசையிலேயே நிற்க, புதியது அவற்றின் பின்னே சேர்க்கப்படும். ஆகையினால்தான், ஒரு கல்வெட்டின் மெய்க்கீர்த்தி எந்த வெற்றியோடு நிற்கிறது என்பதைக் கொண்டே அது ஆட்சியின் எந்தக் கட்டத்தில் பொறிக்கப்பட்டது என்று அறிஞர்களால் கணிக்க முடிகிறது.

இணையப் பக்கத்திலும் இந்த முறையே உத்தமமானது. பெரும்பாலோர் தவறுவதும் இங்கேதான். பதவி உயர்ந்தவுடன், ஆபரேட்டர் என்று இருந்த இடத்திலேயே அதை அழித்துவிட்டு சூப்பர்வைசர் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால், ஆறு ஆண்டு உழைத்து ஏறியவர் சேர்ந்த நாள் முதலே சூப்பர்வைசராக இருந்தவர்போலத் தோன்றுவார்; அது உண்மைக்கும் மாறு, அவருடைய உழைப்புக்கும் இழுக்கு. பழைய பதவிக்கு முடிந்த மாதத்தைக் குறித்துவிட்டு, அதே நிறுவனத்தின் பெயரில் புதிய பதவியைத் தனியாகச் சேர்த்தால், அந்தத் தளமே இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மொத்தம் எத்தனை ஆண்டு என்பதையும் காட்டிவிடும். பெயருக்குக் கீழே நிற்கும் தலைப்பு வரியையும் கூடவே மாற்றியாக வேண்டும். ஆள் தேடுகிறவரின் கண்ணில் முதலில் படுவது அதுதான். விவரத்தில், புகழ்ச்சிச் சொற்களை நீக்கி, எத்தனை பேர் உம் பொறுப்பில் இருக்கிறார்கள், எந்த இயந்திரங்களைக் கவனிக்கிறீர், எந்தப் பழுதைக் குறைத்தீர் என்பதைச் சொன்னால் போதும். கம்பெனியின் இரகசியமும் உம் அடையாள அட்டை எண்ணும் அங்கே இடம்பெறலாகாது. கடிதம் வருமுன் பதவியை எழுதலாகாது. மொழிகளுக்குரிய இடத்தில் மலாயும் ஆங்கிலமும் மட்டும் எழுதிவிட்டுத் தமிழை விட்டுவிடுகிறவர்கள், தாம் நன்கறிந்த ஒரு மொழியை எதற்காக மறைக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.

கண்ணேறுக்கு அஞ்சும் தாய்மாரின் மனத்தையும் நான் புண்படுத்த விரும்பவில்லை. மாற்றத்தைச் சேமிக்கும் பொழுது, அதை அறிந்தவர் தெரிந்தவர் அனைவருக்கும் அறிவிக்கலாமா வேண்டாமா என்று தெரிவு செய்ய ஒரு விசை அங்கே இருக்கிறது. அதை அணைத்துவிட்டால் முரசறைவது போன்ற அறிவிப்பு ஏதுமின்றிப் பதிவு மாத்திரம் நிலைத்திருக்கும். அம்மாவின் அச்சத்துக்கு மரியாதை செய்தது போலவும் ஆகும், காரியமும் நடந்துவிடும்.

சுயபுராணம் பாடுவது நம் பண்பன்று என்போர் ஒன்றை யோசிக்க வேண்டும். சுல்தானின் பிறந்தநாளில் ஒருவர் டத்தோ விருது பெற்றால், நம் தமிழ்ப் பத்திரிகைகளில் முழுப் பக்க வாழ்த்து விளம்பரங்கள் புகைப்படத்தோடு வெளிவருகின்றன. அதை யாரும் தற்பெருமை என்று சொல்வதில்லை. நள்ளிரவில் இயந்திரம் நின்றுபோனால் உற்பத்தியை மீட்டுத் தருகிற டெக்னீஷியன் தன் பதவியை ஒரு வரியில் எழுதிக்கொண்டால் மட்டும் அது ஆடம்பரமாகிவிடுமா? கௌரவத்தைச் சிலருக்கு மாத்திரம் உரியதாக்கும் இந்த வழக்கம் தோட்டத்துக் காலத்தின் மிச்சம் என்றே நான் கருதுகிறேன். இல்லாத பதவியை எழுதிக்கொள்கிறவர்களும் உளர். மானேஜர் என்று போட்டுக்கொண்டு நேர்முகத் தேர்வில் இரண்டு கேள்விக்குள் அகப்பட்டுக்கொள்வார்கள். அவர்களால் உண்மையாக உழைத்து உயர்ந்தவர்களின் எழுத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகிறது. அதற்குப் பரிகாரம் உண்மையானவர்கள் நிறைய எழுதுவதுதான்.

எழுதாமையால் வரும் நஷ்டம் சிறியதன்று. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் பூங்கா இன்று இன்டெல், இன்ஃபினியான், ஃபர்ஸ்ட் சோலார் போன்ற நிறுவனங்களின் இருப்பிடம். 2024இல் இன்ஃபினியான் அங்கே சிலிக்கான் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையைத் திறந்தது. இத்தகைய தொழில்களுக்கு அனுபவமுள்ள ஆள் தேடுகிறவர்கள், பினாங்கில் இருந்தாலும் சிங்கப்பூரில் இருந்தாலும், பதவிப் பெயரையும் ஊர்ப் பெயரையும் இட்டு லிங்க்ட்இன் போன்ற தளங்களில் தேடுகிறார்கள். பழைய பதவியோடு நிற்கும் பக்கம் அந்தத் தேடலில் அகப்படாது.

எழுதுவதால் வரும் இன்னொரு பிரயோஜனம் இதைவிடப் பெரிது. ஹார்வர்ட் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலோ விக்டோரியா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியிலோ ஆரம்பக் கல்வி கற்று, இடைநிலைப் பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் ஒரு பெண், கூலிமில் உள்ள துவாங்கு சுல்தானா பாஹியா பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் பின்னால் என்ன ஆகலாம் என்று அறிய விரும்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுடைய வீட்டில் அதைச் சொல்ல ஆளில்லை. அதே பள்ளியில் படித்த ஒருத்தி ஆபரேட்டராகத் தொடங்கி எந்த ஆண்டில் டெக்னீஷியனானாள், இடையில் என்ன படித்தாள், எத்தனை ஆண்டில் எஞ்சினீயரானாள் என்பதை அவளுடைய பக்கத்தில் வரிசையாகப் பார்த்தால், தனக்கும் வழி உண்டென்று இவள் தெரிந்துகொள்வாள். தொடக்கப் படிகளை வெட்கப்பட்டு அழித்தவரின் பக்கம் இவளுக்கு எவ்விதத்திலும் உதவாது.

நம் தமிழ்ப்பள்ளிகளின் முன்னாள் மாணவர் சங்கங்கள் ஆண்டுதோறும் பரிசளிப்பும் விருந்தும் நடத்துகின்றன. அந்த நாளிலேயே ஒரு மேசையில் இரண்டு கணினிகளை வைத்து, விஷயம் தெரிந்த இரண்டு பேரை அமர்த்தி, அவ்வாண்டில் உத்தியோக உயர்வு பெற்றவர்களை அழைத்து, கடிதத்தைப் பார்த்து, மாதமும் ஆண்டும் தவறாமல் பக்கத்தைத் திருத்திக் கொடுக்கலாம். எழுதத் தயங்குகிறவருக்கு இரண்டு வரி எழுதிக் கொடுக்க ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் சந்தோஷமாக முன்வருவார்கள். சுங்கை பட்டாணியிலும் கூலிமிலும் உள்ள சங்கங்கள் இதைத் தங்கள் அடுத்த பொதுக்கூட்டத்தில் தீர்மானமாக எடுத்துக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். இதற்கு மண்டபத்தில் ஒரு மூலையும் ஒரு பிற்பகலும் போதும்.