தூண்களுக்கு இடையே ஒரு நீர்வழி

சென்னை சென்று திரும்பும் பெற்றோர் பலர், பறக்கும் ரயிலில் பயணம் செய்ததைப் பெருமையுடன் கூறுவர். அந்தப் பாலத்தின் கீழ்க் கிடக்கும் நீரைப் பற்றிக் கேட்டாலோ, 'சாக்கடை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர். பிள்ளைகள் மனத்திலும் அச்சொல்லே பதிகிறது. அதன் பெயர் பக்கிங்காம் கால்வாய்.

1806இல் பேசில் காக்ரேன் என்னும் வணிகர் சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய வாய்க்கால், படிப்படியாக நீண்டு, வடக்கே ஆந்திரத்தின் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஆயிற்று. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர்ப் பகுதி 1876-78 தாது வருடப் பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. பசியால் வாடியவர்கள் அரைவயிற்றுக் கூலிக்கு மண் சுமந்து அமைத்த வழி அது. கால்வாய்க்கோ அந்நாளைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் சூட்டப்பட்டது! (பெயர் சூட்டுவதில் என்றும் இதுதானே வழக்கம்.) அப்பஞ்சக் காலத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து இலங்கைக்கும் பர்மாவுக்கும் நம் மலாயாவுக்கும் வந்தோரும் உண்டு. ஆகவே இது நமக்கு அயலார் வரலாறு அன்று.

உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அதில் சென்றன. பாவேந்தர் பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' இக்கால்வாயில் சென்ற படகுப் பயணத்தைப் பாடியதே. பின்னர் சாலையும் ரயிலும் சரக்கைக் கவர்ந்தன. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் எஞ்சியதையும் சிதைத்தன.

1995இல் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய பறக்கும் ரயில், 1997இல் மயிலாப்பூரையும் 2007இல் வேளச்சேரியையும் எட்டியது. நகருக்குள் நிலம் கையகப்படுத்தும் செலவையும் குடியிருப்போரை அகற்றும் துன்பத்தையும் தவிர்க்கவே கால்வாய் வழியைத் தேர்ந்தனர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், கரையோடு நில்லாமல் நீருக்குள்ளேயே தூண்களை நிறுத்தியது பெரும்பிழை என்பேன். நீர்வழி குறுகிற்று, படகு செல்லும் வாய்ப்பும் நகருக்குள் அற்றுப்போயிற்று. 2004 ஆழிப்பேரலையின்போது கடற்கரையின் பல இடங்களில் அலைநீரை உள்வாங்கி ஊர்களைக் காத்தது இதே கால்வாய்தான். 2008இல் இது தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. தூண்கள் மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கின்றன.

ஆசிரிய நண்பர்களே, பாவேந்தரின் அப்பாடலை நடத்தும் நாளில் ஒரு வரைபடத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மாணவர்கள் மரக்காணத்தில் விரலை வைத்து வடக்கே நகர்த்தட்டும். சென்னைக்குள் நுழைந்ததும் ரயில் பாதை எங்கே தொடங்குகிறது என்பதை அவர்களே காட்டுவார்கள்.