நூற்றுக்கு இரண்டு: அது யார் எண்ணிய கணக்கு?

குழந்தைகளைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குவது ஆண்கள்தாம், பெண்கள் நூற்றுக்கு ஒருவரோ இருவரோ என்ற பேச்சு ஆதாரமில்லாதது அல்ல. பிரான்கா கோர்டோனியும் சக ஆய்வாளர்களும் 12 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், காவல்துறைக்கு எட்டிய பாலியல் குற்றங்களில் பெண்களின் பங்கு 2.2 சதவீதம்தான். (எல்லா வயதினர் மீதான குற்றங்களும் இதில் அடக்கம்.) ஆனால் பாதிக்கப்பட்டவர்களிடமே கேட்ட கணக்கெடுப்புகளில் அது 11.6 சதவீதம். முதல் எண்ணை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்கள் அதே ஆய்வின் இரண்டாவது எண்ணை ஏன் விட்டுவிடுகிறார்கள்?

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை ஊகிப்பது கடினமல்ல. குளிப்பாட்டுவதும் உடை மாற்றிவிடுவதும் பக்கத்தில் படுக்க வைப்பதும் பெண்ணின் வேலை என்று விட்டிருக்கிறோம். அந்த மறைவில் நடப்பதை யாரும் சந்தேகிப்பதில்லை. பையன் துணிந்து சொன்னாலும் கேட்பவர் நம்ப வேண்டும். கனடாவில் காவலர்களையும் மனநல மருத்துவர்களையும் ஆராய்ந்த மிரியம் டெனோவ், அவர்களே இத்தகைய பெண்களை ஆபத்தில்லாதவர்களாக மாற்றிச் சித்திரிப்பதை 2004இல் பதிவு செய்தார். புகாரை எழுத வேண்டியவரே நம்பாதபோது 2.2 எப்படி உயரும்?

"பையனுக்கு என்ன நஷ்டம்?" என்பது அடுத்த வாதம். டீச்சரைப் பார்த்து அசடு வழியும் மாணவனை வைத்து நம் சினிமா எடுக்கும் காமெடியில் ஊறியவர்களுக்கு இது வாதமாகக்கூடத் தோன்றாது, இயல்பாகவே தோன்றும். பெண்களால் பாதிக்கப்பட்ட 14 பேரிடம் டெனோவ் பேசினார். சிறிய எண்ணிக்கைதான். ஆனால் பெரும்பாலானோர் அது தங்களைச் சிதைத்தது என்றே சொன்னார்கள்: போதை, தற்கொலை எண்ணம், மனச்சோர்வு, அடங்காத கோபம், பெண்களோடு உறவு கசந்துபோவது.

பின்னால் ஓர் ஆண் இருந்து கட்டாயப்படுத்தியிருப்பான் என்பார்கள். சில வழக்குகளில் உண்மை. ஆனால் மினசோட்டாவில் 1989இலேயே இத்தகைய பெண்களை வகைப்படுத்தியவர்கள் ஆணின் நிர்ப்பந்தத்துக்கு உட்பட்டவர்களை ஒரு வகையாக மட்டுமே வைத்தார்கள். தனியாகச் செயல்பட்டவர்களுக்கு வேறு வகைகள் இருந்தன.

எதிர்முனைக்குப் பாய்கிறவர்களும் உண்டு. சான் டியாகோவில் 17,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்திய ஆய்வில் (2005), சிறு வயதில் பாதிக்கப்பட்ட ஆண்களில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் ஒரு பெண்ணைக் குறிப்பிட்டார்கள். இதைத் தூக்கிப் பிடித்து "பெண்களும் சரிக்குச் சரி" என்பவர்கள், பாதிக்கப்பட்ட பெண்களில் அந்த விகிதம் 6 சதவீதம் மட்டுமே என்பதை வாசிப்பதில்லை. ஆண்களே பெரும்பான்மை, அதில் மாற்றமில்லை.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் நம் நாட்டுப் போக்சோ சட்டம் 2012இல் வந்தது. உட்புகுத்தும் வன்முறை பற்றிய அதன் 3ஆம் பிரிவு பெண்ணுக்குப் பொருந்தாது என்று 2024இல்கூட டெல்லி உயர் நீதிமன்றத்தில் வாதாடினார்கள். நீதிமன்றம் ஏற்கவில்லை, குற்றம் செய்தவர் ஆணா பெண்ணா என்பது அந்தப் பிரிவுக்குப் பொருட்டல்ல என்று தீர்ப்பளித்தது.