பழைய பெட்டிக்குப் புது வேகம்

அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போடுகிறீர்கள். பால் பொங்கி, காபி கலந்து குடித்தும் ஆயிற்று; அந்தச் சின்னப் பெட்டி இன்னும் விழித்தபாடில்லையா? "இது இனி தேறாது, புதுசு வாங்கிடலாம்" என்று வீட்டுக்காரர் சொல்லுமுன் சற்றுப் பொறுங்கள், சகோதரிகளே!

பத்து வருஷப் பழைய பெட்டிகளில் பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்தான் இருக்கும். பலவற்றில் கிராமபோன் தட்டுப் போல ஒன்று நிமிஷத்துக்கு 5400 தடவை சுற்ற, ஒரு முனை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடும். தாமதமே அங்கேதான். எஸ்.எஸ்.டி. என்ற டிரைவில் சுழலும் பாகமே கிடையாது. ஹார்ட் டிஸ்க் விநாடிக்குச் சுமார் 100 எம்.பி. படித்தால், சாதாரண எஸ்.எஸ்.டி. 500 எம்.பி. வரை படிக்கும்.

ஆனால், ஸ்க்ரூ டிரைவரைத் தொடுமுன் குழந்தையின் முதல் பிறந்த நாள் படங்களை நினையுங்கள். அவை கடையில் கிடைக்காது! 1899-ல் ஏற்பட்ட நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்துச் சேர்த்திருக்கிறார்கள். அந்தப் பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய பிறகும் மூலப் படங்களைப் பத்திரமாகவே வைத்திருக்கிறார்கள். நமக்கும் அதுவே பாடம். படங்களை வேறு இரண்டு இடங்களில் பிரதி எடுத்த பிறகே வேலையை ஆரம்பியுங்கள். டிஸ்க் 'டக் டக்' என்று சத்தம் போட்டால் மேலும் ஓட்டாமல், விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைக்குப் போகுமுன் பெட்டியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு 2.5 அங்குல சாட்டா டிரைவ், சிலவற்றுக்கு எம்.2 என்ற பட்டை வடிவம். மாற்றி வாங்கினால் பொருந்தாது. பழைய டிஸ்க்கில் உள்ளதை அப்படியே புதியதில் பதிய மணிக்கணக்காகலாம். மழை, காற்றில் கரண்ட் போய்ப் போய் வரும் நாளில் அதைத் தொடங்க வேண்டாம்.

மலைவாசிகளுக்குத் தனியாக இரண்டு வார்த்தை. குளிரில் கொண்டுவந்த பெட்டியைச் சூடான அறையில் உடனே போடாதீர்கள். உள்ளே ஈரம் பூக்கும். சில மணி நேரம் கழியட்டும். பெட்டியைத் திறக்கும்போது பிளக்கைப் பிடுங்கி, கம்பளி ஸ்வெட்டரைக் கழற்றி வைத்து, பெட்டியின் உலோகப் பாகத்தைத் தொட்டுக்கொள்ளுங்கள். கம்பளி உரசி உண்டாகும் மின்சாரம் நுட்பமான பாகங்களைக் கெடுத்துவிடும்.

ஒன்றை மறக்க வேண்டாம்: வேகம் வேறு, பாதுகாப்பு வேறு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் பெட்டி விண்டோஸ் 11-ஐ ஏற்காவிட்டால், அதைப் பாட்டுக்கும் பிள்ளைகளின் எழுத்து வேலைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாங்க் கணக்கு அதில் வேண்டாம்.

கழற்றிய டிஸ்க்கை உடனே பழைய சாமான்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எல்லாம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கும்வரை, ஒரு மாசமாவது, துணியில் சுற்றி அலமாரியில் இருக்கட்டும்.