முதலெழுத்து யாது?

விழா மலருக்கெனப் பழைய மாணவர் பெயர்ப்பட்டியலைக் கணினித் தரவுத்தளத்திலிருந்து எடுத்தபோது, தந்தை பெயர் பொன்னம்பலம் என்றிருந்தோர் 'ப.' என்னுந் தலைப்பெழுத்தோடு வந்து நின்றனர். சின்னத்தம்பி, செல்லையா, சுப்பையா ஆகியோரின் மைந்தர் யாவரும் 'ச.' ஆயினர். பிழை பிறருடையதன்று, கட்டளையை எழுதினோர் நாமே.

தந்தை பெயர் நிரலில் முதலெழுத்தை மட்டும் தருகவென 'லெஃப்ற்' என்னுங் கட்டளையால் ஏவினோம். அஃது ஒரு யூனிக்கோட் குறியீட்டை மட்டுமே எடுத்துத் தந்தது. 'பொ' அங்கே ஓரெழுத்தன்று. பகரமும் அதனையடுத்த ஒகரக் குறியுமாக இரண்டு. 'அம்மா' என்பதன் நீளத்தை வினவினால் மூன்றென்னாது ஐந்தென்னும்! மெய்யையடுத்து உயிர்க்குறி வருமாயின் அதனையுஞ் சேர்த்தெடுக்குமாறு விதித்த பின்னரே 'பொ.' கிடைத்தது.

நல்லவேளையாக இப்பிழை அச்சுக்கு எடுத்த படியோடு நின்றது, மூலம் தப்பியது. 'அப்டேற்' கட்டளையோ மூலத்தையே மாற்றிவிடும். ஊர்ப்பெயர் நிரலில் 'யாழ்' எனச் சுருக்கி எழுதியவற்றை 'யாழ்ப்பாணம்' ஆக்குக என்று வரையறையின்றி ஏவினால், முன்னரே செவ்வனே இருந்த பெயர் 'யாழ்ப்பாணம்ப்பாணம்' ஆகிவிடும். இது நகைப்புக்குரியது, கண்டவுடன் திருத்தலாம். ஆட்பெயரில் நேரும் மாற்றம் அவ்வாறன்று.

வடவெழுத்துக்களைக் களைந்து பெயர்களை ஒருசீராக்குக என்பார் நம்முள் உளர். தமிழ் கற்பிக்கும் நமக்கும் அவ்வாசை இல்லாமலில்லை. ஆயினும், பிறப்புச் சான்றிதழில் ஜெயராசா என்றிருப்பவரைச் செயராசா ஆக்க நமக்கு யார் உரிமை தந்தனர்? தேடுதற்கு இடர் உண்டென்பது மெய்யே. 2005ஆம் ஆண்டில் 'ஶ' என்னும் எழுத்து யூனிக்கோட்டிற் சேர்ந்த பின்னர், 'ஸ்ரீ' என்பதை இருவகைக் குறியீட்டால் எழுதலாம். கண்ணுக்குப் பெரும்பாலும் ஒன்றாகவே தோன்றும். ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாது. அதற்கு மருந்து பெயரைத் திருத்துவதன்று. தேடலுக்கெனப் பிறிதொரு நிரல் வகுத்து, ஒருசீராக்கிய வடிவத்தை அதில் வைத்துக்கொள்ளலாம்.

நம் நீர்வேலிக்கு அயலூராகிய சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏட்டுப்பிரதிகள் பலவற்றை ஒப்புநோக்கிக் கலித்தொகையை 1887இற் பதிப்பித்தார். ஏட்டை ஒப்புநோக்குவோர் பாடபேதத்தை வேறாகக் குறித்துக்கொள்வர். தமக்குப் பிடித்த பாடத்தை ஏட்டின்மேற் கீறி மூலத்தை அழிப்பதில்லை. தரவுத்தளத்துக்கும் அம்முறையே ஏற்றது என்பது நம் கருத்து.

ஆதலின், ஊரிலும் கடல் கடந்தும் வாழும் பழைய மாணவர்கள் தத்தம் பெயரையும் தலைப்பெழுத்தையும் தாம் வழங்கும் வடிவிலேயே எழுதியனுப்புவாராக. அவ்வடிவிலேயே பதிந்து வைப்போம்.