மூடிகளை எண்ணிவிட்டு ஒயரைத் தொடுங்கள்

எங்கள் தாமானில் ஒரு தாத்தா பழைய வோக்ஸ்வேகன் 'வண்டு' கார் ஒன்றை வைத்திருக்கிறார். 1962ஆம் ஆண்டு வண்டி. வடக்கு–தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமையாகத் திறக்கப்படும் முன், ஜொகூர் பாருவுக்கும் கோலாலம்பூருக்கும் இடையே ஓடிய வண்டிகள் நம் சிம்பாங் ரெங்கத்தைத் தொட்டுச் செல்லும் முதலாம் கூட்டரசு சாலையில்தான் போயின. அந்தக் காலத்தின் மிச்சம் அந்தக் கார்.

போன ஞாயிறு அது கிளம்பவில்லை. தாத்தாவின் பேரன், படிவம் 4 மாணவன், அப்பாவின் மைவியைப் பக்கத்தில் நிறுத்தி ஜம்பர் கேபிளோடு ஓடி வந்தான். நான் வேலிக்கு இந்தப் பக்கமிருந்து "நில்லுப்பா!" என்று கத்தினேன். "என்ன அங்கிள், பேட்டரின்னா பேட்டரிதானே?" என்றான்.

மாணவர்களே, அந்தக் கேள்விதான் ஆபத்து. மைவியின் பேட்டரி 12 வோல்ட். அந்த வண்டு காரின் பேட்டரி 6 வோல்ட். அமெரிக்காவுக்கு அனுப்பிய வண்டு கார்களில்கூட 1967 மாடலில்தான் 12 வோல்ட் வந்தது. அமெரிக்கக் கார்கள் பெரும்பாலும் 1950களின் நடுவில் மாறின. அதற்கு முந்தைய கார் எதுவானாலும் முதலில் பேட்டரியின் மேல்மூடிகளை எண்ணுங்கள். ஈய–அமில பேட்டரியில் ஒரு கலம் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். மூன்று மூடி என்றால் 6 வோல்ட், ஆறு மூடி என்றால் 12 வோல்ட். மூடியில்லாத சீல் வைத்த பேட்டரியானால் மேலே ஒட்டியிருக்கும் தாளைப் படியுங்கள்.

"கொஞ்ச நேரம் 12 வோல்ட் கொடுத்தா ஒன்னும் ஆகாது, ஸ்டார்ட்டர் தாங்கும்" என்று சொல்லும் போமன்கள் உண்டு. விளக்குகளையும் ரேடியோவையும் அணைத்துவிட்டுச் சில விநாடி கொடுத்தால் பல நேரம் வண்டி கிளம்பித்தான் விடுகிறது. ஆனாலும் நான் அதை எதிர்க்கிறேன். காரணத்தை நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

படிவம் 5 இயற்பியலில் மின்னியக்கு விசை, அகத்தடை என்று படிப்பீர்கள். இரண்டு பேட்டரிகளின் அகத்தடையும் கேபிளின் தடையும் சேர்ந்து 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். மின்னழுத்த வேறுபாடு சுமார் 6 வோல்ட். 6ஐ 0.02ஆல் வகுத்தால் 300 ஆம்பியர்! அது ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்னோட்டம் அல்ல. சாவியைத் திருப்பும் முன்பே சின்ன பேட்டரிக்குள் பாயும் மின்னோட்டம். அதனால் அமிலக் கரைசலில் உள்ள நீர் பிரிந்து ஹைட்ரஜன் குமிழியிடும். காற்றில் 4 விழுக்காடு ஹைட்ரஜன் சேர்ந்தாலே தீப்பொறிக்குப் பற்றிக்கொள்ளும். வண்டு காரில் இன்னொரு வில்லங்கம்: பேட்டரி இருப்பது பின் இருக்கைக்கு அடியில். அதாவது, அந்த வாயு சேரும் பெட்டிக்குள் நீங்கள் தலையை நுழைத்துத்தான் கேபிளை மாட்ட வேண்டும். இருக்கையின் கம்பிச்சுருள் பேட்டரி முனைகளில் உரசித் தீப்பிடித்த கதைகளும் உண்டு.

விளக்கை அணைக்க மறந்தால்? மின்னழுத்தம் இரட்டிப்பானால் திறன் நான்கு மடங்கு. 25 வாட் பல்ப் 100 வாட்டுக்குத் தள்ளப்படும். (சூடாகும்போது இழையின் தடை கூடும், ஆகவே உண்மையில் கொஞ்சம் குறையும் என்று உங்களில் யாராவது சொன்னால் முழு மதிப்பெண். பல்ப் போவது போவதுதான்.) ஸ்டார்ட்டரும் இரட்டை வேகத்தில் சுழன்று ஃப்ளைவீலின் பற்களில் மோதும். பல் உடைந்தால் இன்ஜினைக் கீழே இறக்க வேண்டும்.

இளம் வயதில் நானும் இதைச் செய்தவன். கேபிளை எடுக்கும்போது பொறி தட்டி, பேட்டரியின் மூடி ஒன்று பறந்தது. அமிலம் பட்டுச் சட்டையில் ஐந்தாறு ஓட்டை. கண்ணாடி போட்டிருக்கவில்லை. கண் தப்பியது என் கெட்டிக்காரத்தனத்தால் அல்ல.

அப்படியென்றால் வழி என்ன? 6 வோல்ட்டுக்கு 6 வோல்ட்தான். 6 வோல்ட் சார்ஜரில் குறைந்த ஆம்பியரில் இரவு முழுக்க ஏற்றுவதே எனக்குப் பிடித்த வழி. அவசரமானால் இன்னொரு 6 வோல்ட் பேட்டரி. கேபிள் தடிமனாக இருக்கட்டும். நேர்முனைக்கு நேர்முனை, எதிர்முனைக்கு எதிர்முனை. கடைசி இணைப்பைப் பேட்டரி முனையில் அல்ல, தள்ளியிருக்கும் இன்ஜின் உலோகத்தில் கொடுங்கள். பொறி அங்கே விழட்டும். கழற்றும்போது அதையே முதலில் கழற்றுங்கள். இரண்டு கார்களும் ஒன்றையொன்று தொடக்கூடாது. கண்ணாடி அணியாமல், பெரியவர் யாரும் பக்கத்தில் இல்லாமல் தொடவே வேண்டாம்.

பழைய பிரிட்டிஷ் கார்களில் மேலும் ஒரு சூட்சுமம். மோரிஸ் மைனர் 12 வோல்ட்தான், ஆனால் 1960களின் பிற்பகுதி வரை அதன் நேர்முனைதான் காரின் உடலோடு இணைந்திருந்தது. "கறுப்பு ஒயர் பாடிக்கு" என்று மனப்பாடமாகச் செய்தால் நேராக ஷார்ட் சர்க்கியூட். நிறத்தை நம்பாதீர்கள், பேட்டரி மேல் உள்ள குறியைப் பாருங்கள்.

ஆனால் எனக்கு உண்மையில் எரிச்சல் தருவது வேறு. 6 வோல்ட் கார் கிளம்பவில்லை என்றால் எல்லாரும் பேட்டரியைத்தான் திட்டுகிறார்கள். ஸ்டார்ட்டருக்கு 200 ஆம்பியர் தேவை என்று வைப்போம். துருப்பிடித்த எர்த் பட்டையில் வெறும் 0.01 ஓம் தடை இருந்தால் 2 வோல்ட் அங்கேயே போய்விடும். ஆறில் இரண்டு, மூன்றில் ஒரு பங்கு! அதே வேலைக்கு 12 வோல்ட் காரில் 100 ஆம்பியர் போதும். இழப்பு 1 வோல்ட், பன்னிரண்டில் ஒரு பங்கு. ஒரே துரு, ஆனால் பழைய காருக்கு நான்கு மடங்கு அடி. இதில் யாராவது மெலிந்த 12 வோல்ட் கார் கேபிளை மாற்றிப் போட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

அன்று அந்தப் பையனிடம் மல்டிமீட்டரைக் கொடுத்தேன். தாத்தா சாவியைத் திருப்ப, பேட்டரியின் எர்த் முனைக்கும் இன்ஜினுக்கும் இடையே அளந்தான். 1.4 வோல்ட். பட்டையைக் கழற்றி மணல்தாளால் தேய்த்தோம். பேட்டரியை இரவு முழுக்கச் சார்ஜில் போட்டோம். காலையில் மறுபடி அளந்தபோது 0.2. இரண்டாவது திருப்பலில் வண்டி கிளம்பியது.

மல்டிமீட்டர் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது. கேட்டால், பக்கத்துத் தெருவில் ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறதாம்.