வாயுவுக்குத் தீட்டுக் கழிந்துவிட்டது

'விஷவாயு தாக்கி 2 பேர் பலி.' தினசரியின் உள்பக்கத்தில் நாலு வரி. வாயு தாக்கியதாம். மூடியைத் திறந்தவன், இறங்குடா என்றவன், இயந்திரத்துக்கு வாடகை கொடுக்காமல் மிச்சம் பிடித்தவன் எவனும் தாக்கவில்லையாம்.

நான் வங்கி எழுத்தர். அதே வாயு ஒரு கடன் மனுவாக என் மேசைக்கு வந்தது. கழிவைத் தொட்டியில் நொதிக்க வைப்பார்கள். வருகிற வாயுவில் மீத்தேனைப் பிரித்து வண்டிக்கு எரிபொருளாக விற்பார்கள். ஐந்தில் இரண்டு பங்குபோல மிஞ்சுகிற கரியமில வாயுவையும் இனி காற்றில் விடமாட்டார்கள். பிடித்து, அழுத்தித் திரவமாக்கி சோடாக் கம்பெனிக்கும் வெல்டிங் பட்டறைக்கும் உலர்பனி செய்கிறவனுக்கும் கொடுப்பார்கள். வட்டாரத் தொழில் செழிக்குமாம். பக்கத்துக்குப் பக்கம் 'தூய்மை', 'பசுமை'.

இந்தத் தொழில்நுட்பத்தோடு எனக்குச் சண்டையில்லை. செடி காற்றிலிருந்து எடுத்த கரி சோறாகி, மலமாகி, காற்றுக்கே திரும்புகிறது. பல கோடி வருஷம் பூமிக்கடியில் கிடந்த நிலக்கரியை எரிப்பதுபோல இது புதுப் பாரம் ஏற்றுவதில்லை. சர்க்கரை ஆலையை ஒட்டிய எரிசாராய ஆலையில் காரியம் இன்னும் சுளுவு. 1 கிலோ சாராயம் நொதித்து வரும்போது கிட்டத்தட்ட 1 கிலோ கரியமில வாயு, அதிகக் கலப்பில்லாமல் கிடைக்கிறது. அதற்குக் கரும்பு வெட்டின கை எந்தத் தெருவுக் கை என்பது ஊருக்கே தெரியும்.

என் கேள்வி வேறே. மூலக்கூறு ஒண்ணுதான். நிலக்கரியில் பிறந்தால் பாவம், கழிவில் பிறந்தால் புண்ணியம். விஞ்ஞானக் கணக்கில் அது சரி. ஆனால் பீயில் பிறந்த வாயு ஒரு குழாயைத் தாண்டியதும் தீட்டுக் கழிந்து கடனும் மானியமும் வாங்குகிறது. அதே குழியில் இறங்கி ஏறினவனுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கழியாத தீட்டு, இது எந்த விஞ்ஞானம்?

கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். குழியின் அடியில் தேங்கும். கூடவே ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகின முட்டை நாத்தம் காட்டும், அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும். "இப்ப நாத்தம் இல்லண்ணே" என்று இறங்குகிறவன் அப்போதுதான் சாகிறான். ஆலையில் வாயு கசிந்தால் மணி அடிக்கக் கருவி உண்டு. ஏனென்றால் அது சரக்கு. நம்மாளுக்கு இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் பிணத்தை இழுக்க.

சட்டம் இல்லையா? 1993இல் ஒன்று, 2013இல் இன்னொன்று. சாக்கடைச் சாவுக்கு 2014இல் 10 லட்சம் என்றது உச்ச நீதிமன்றம், 2023இல் 30 லட்சம் என்றது. சாவுக்கு விலை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. அப்படி வந்த பணத்தை வைப்பில் போட ஓர் அக்கா வந்தார். "தம்பி, இது எதுக்கு வந்த பணம்னு புஸ்தகத்துல எழுதியிருக்குமா?" என்று கேட்டார். "எழுதாதுக்கா" என்றேன். வாயுவுக்கு எங்கே பிறந்தது என்று சான்று வைக்கிற தேசத்தில் அந்தப் பணத்துக்குப் பூர்வீகமில்லை.

பசுமை பேசுகிற கனவான்களே, மூன்று விஷயம். கழிவு வருகிற எந்தத் தொட்டியிலும் ஆள் இறங்கவில்லை என்ற சான்று இல்லாத ஆலைக்குக் கடன் கொடுக்காதே. வாயு அளக்கும் கருவியை முதலில் குழி வாயில் வை. துடைப்பத்தை எங்கள் கையில் திணிக்காதே. இயந்திரத்தைக் கொடு, இலாபத்தில் பங்கைக் கொடு. எங்கள் பிணங்களின் மேல் நின்று உலகத்தின் காற்றைச் சுத்தம் பண்ணலாம் என்று நினைக்காதே.

இதைத்தான் அந்த மனுவின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். மேலதிகாரி அழித்துவிட்டார். இங்கே மையில் எழுதியிருக்கிறேன்.