அடகுச் சீட்டும் போர்ச்சுகல் கடிதமும்

பிராக்டிஸ் முடிந்து பசங்க ஸ்டட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்த நேரம். எங்கள் லெஃப்ட் விங் பையனின் அம்மா வந்து செல்போனை நீட்டினார். “அண்ணா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க. போர்ச்சுகல்லேர்ந்து இவனைக் கூப்பிட்டிருக்காங்களாம்.”

கிளப் முத்திரை போட்ட கடிதம். 15 நாள் டிரையல், தேறினால் ஒப்பந்தம். கீழே இருந்த முகவரியோ யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்துகொள்கிற ஜிமெயில். கிளப் பெயரிலேயே ஓர் எழுத்து தப்பு. “பணம் ஏதும் கட்டிடலையேம்மா?” என்றேன். “மூணு லட்சம் கேட்டாங்க. செயினை வச்சுப் பாதி கட்டிட்டேண்ணா.” போன் கவருக்குள் நாலாக மடித்து வைத்திருந்த அடகுச் சீட்டை எடுத்துக் காட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

பையனுக்கு வயது 16. ஃபிஃபா விதியின் 19-ஆவது பிரிவு, 18 வயது ஆகாதவனை வேறு நாட்டு கிளப்பில் பதிவு செய்யக் கூடாது என்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு: பெற்றோர் கால்பந்துக்காக இல்லாமல் வேறு காரணத்துக்காக அங்கே குடியேறியிருக்க வேண்டும், அல்லது ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ளேயே 16 வயதுக்கு மேல் மாறலாம், அல்லது எல்லையை ஒட்டி வீடு இருக்க வேண்டும். இதில் எது சென்னை வியாசர்பாடிக்காரனுக்குப் பொருந்தும்? இந்த விதியை மீறியதற்காக 2014-இல் பார்சிலோனாவுக்கே புது வீரர்களை எடுக்கத் தடை விழுந்தது. அவ்வளவு பெரிய கிளப்பால் முடியாததை இந்த ஜிமெயில்காரன் முடித்துக் கொடுப்பானாம்!

இதைப் போய் அந்த அம்மாவிடம் யார் சொன்னார்கள்? பள்ளிக்கூடத்தில் சொன்னார்களா, மாவட்டப் போட்டி நடத்துகிறவர்கள் சொன்னார்களா? கோப்பையோடு போட்டோ எடுக்க அத்தனை பேர் மேடை ஏறுகிறார்கள். ஏஜென்ட் உரிமம் உள்ளவனா என்று ஃபிஃபாவின் தளத்தில் பெயரைப் போட்டே பார்க்கலாம், பையனின் சம்பளத்தில்தான் அவனுக்குக் கமிஷன், முன்பணம் கேட்டாலே கதவைச் சாத்துங்கள் என்று ஒரு நோட்டீஸ் அடித்து கிரவுண்டு சுவரில் ஒட்ட இவர்களுக்கு நேரமில்லை.

வெளிநாடு போகவே கூடாதென்று நான் சொல்லவில்லை. இந்திய கோல்கீப்பர் குர்பிரீத் சிங் சந்து 2014-இல் நார்வேயின் ஸ்டாபேக் கிளப்புக்குப் போனார். யூரோப்பா லீக் தகுதிச் சுற்றில்கூட ஆடினார். ஆனால் அப்போது அவருக்கு வயது 22, ஈஸ்ட் பெங்காலில் ஆடிவிட்டுப் போனவர். இந்திய அணி வீரர் சுனில் சேத்ரிக்கே 2009-இல் இங்கிலாந்தில் வேலை அனுமதி கிடைக்கவில்லை. கியூபிஆர் கிளப் அவரை எடுக்கத் தயாராக இருந்தது. இந்தியா தரவரிசையில் முதல் 70 இடத்துக்குள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவர் கதையே அப்படியென்றால் எங்கள் பையன் எம்மாத்திரம்?

இங்கேயே ஆடி மேலே வா என்று சொல்லலாமென்றால், அதற்கும் வாய் வரவில்லை. இதே வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷ் சென்னையின் எஃப்சி வரைக்கும் போனார். அதைக் காட்டித்தான் இத்தனை வருஷமாகப் பசங்களை கிரவுண்டில் பிடித்து வைத்திருந்தேன். 2025 ஜூலையில் அந்த கிளப் ஆடும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடரையே தேதி சொல்லாமல் நிறுத்தி வைத்தார்கள். “கோச், இங்க லீக்கே இல்லியே, அப்புறம் எங்க போய் ஆடுறது?” என்று எங்கள் லெஃப்ட் விங் பையன் கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. அந்த இடத்தில்தான் ஏஜென்ட் உள்ளே நுழைந்துவிடுகிறான்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இந்த ஏமாற்று ரொம்ப வருஷமாக நடக்கிறது. 2015-இல் அங்கிருந்து லாவோஸுக்கு அகாடமி என்று சொல்லிக் கூட்டிப்போன சிறுவர்கள் சம்பளமில்லாமல், ஸ்டேடியத்தில் ஒரே அறையில் கும்பலாகப் படுத்துக் கிடந்ததை பிபிசி வெளியே கொண்டுவந்தது. அதைப் படித்தபோது எங்கேயோ தூரத்தில் நடக்கிற விஷயம் என்றுதான் நானும் நினைத்தேன்.

நான் எவ்வளவோ சொல்லியும் கேட்காமல் பையன் வீட்டில் விசாவுக்குப் போட்டார்கள். 90 யூரோ கட்டணம், அது திரும்பி வராது. மூன்றாவது வாரம் பாஸ்போர்ட் வந்தது, கூடவே ஒரு தாள். போகிற நோக்கம் சரியாக நிரூபிக்கப்படவில்லை என்ற வரிக்கு எதிரே ஒரு டிக். அந்த டிக்கைத்தான் அந்த அம்மா விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஏஜென்டுக்குப் போன் போட்டால், “அடுத்த சீசன் பாத்துக்கலாம்” என்றான், அப்புறம் எடுக்கவேயில்லை. பையன் போர்ச்சுகல் போகிறேனென்று பிளஸ் ஒன் படிப்பை நிறுத்தியிருந்தான். இரண்டு வாரம் கிரவுண்டுப் பக்கமே தலைகாட்டவில்லை. வந்த அன்றைக்கும் ஓரமாக உட்கார்ந்து லேஸைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தான். சங்கிலிக்கு மாசாமாசம் வட்டி மட்டும் போய்க்கொண்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெரு மேட்ச்சில் அதே ஏஜென்ட் நின்று வீடியோ எடுத்தானாம். நான் ஓடுவதற்குள் போய்விட்டான். எட்டுப் பையன்கள் வீட்டு நம்பர் கொடுத்திருக்கிறார்கள். இன்று பிராக்டிஸ் முடிந்ததும் அந்த எட்டு வீட்டுக்கும் போகிறேன். எங்கள் பையனையும் கூட வரச் சொல்லியிருக்கிறேன், விசா நிராகரித்த தாளை எடுத்துக்கொண்டு.